ஸ்ருதி இறங்குது தம்பி!

'முன்னாடி எப்பவாவது மயக்க ஊசி போட்டிருக்காங்களா?'

'இல்லை டாக்டர்.'

'ஆடுற பல்லு இருக்கா? கட்டின பல்லு?'

'ரெண்டும் இல்லை.'

'சிகரெட்?'

பக்கத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். 'எப்பவாவது...' என்றேன்.

'எப்பவாவதுன்னா ஒரு நாளைக்கு எத்தனை?'

இந்த இடத்தில் நான் சொன்ன எண்ணிக்கையும் அதற்கு என் மனைவி பார்த்த பார்வையும் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாதவை.

விஷயம் இதுதான். வீடு மாற்றும்போது, ஆள் வைத்தால் ஐநூறு ரூபாய் ஆகுமே என்று பீரோவை நானே தூக்கினேன். பீரோ நகரவில்லை, எனக்குள் இருந்த ஏதோ ஒன்று நகர்ந்துவிட்டது. 'ஹெர்னியா. சின்ன ஆபரேஷன்தான்' என்றார் சர்ஜன். (அடுத்தவர் வயிற்றில் செய்யப்படும் எந்த ஆபரேஷனும் சின்ன ஆபரேஷன்தான்.) அவர் என்னைப் பார்த்தது மூணு நிமிஷம். ஆனால் முதல் நாள் சாயந்திரம் வந்த மயக்க டாக்டரம்மா, ஐம்பது வயதிருக்கும், அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தை அண்ணாந்து காட்டச் சொன்னார், முதுகைத் தடவிப் பார்த்தார். 'ராத்திரி பன்னிரண்டுக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது' என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஒரு பாரத்தை நீட்டினார்கள். பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கையெழுத்துப் போடுமுன் பொடி எழுத்தைப் படித்துவிடுவான். 'மயக்க மருந்தினால் உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பதை அறிந்தும்...' என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் கோணலாக விழுந்தது. பாங்க்கில் கொடுத்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

மறுநாள் காலை தியேட்டர். சினிமா தியேட்டரை விட ஏ.சி. ஜாஸ்தி. முதுகில் ஊசி போட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் என் இரண்டு கால்களும் வேறு யாருடையதோ ஆகிவிட்டன. இடுப்புக்கு மேலே ஒரு பச்சைத் துணியைத் திரை மாதிரி கட்டினார்கள். அந்தப் பக்கம் சர்ஜனும் கத்தியும். இந்தப் பக்கம் நான், டாக்டரம்மா, ஒரு மானிட்டர். ஆள்காட்டி விரலில் துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டியிருந்தார்கள். டிக்... டிக்... டிக்... என்று சத்தம்.

'இது என்ன சத்தம் டாக்டர்?'

'அது உங்க பாட்டு தம்பி. ஸ்ருதி இறங்காம பார்த்துக்கறது என் வேலை.'

படபடப்பாக இருக்கிறது என்றேன். கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்பில் கொஞ்சம் மருந்து செலுத்தினார். சுகமாகக் கண் சொருகியது. தூரத்தில் யாரோ குறட்டை விடுகிற மாதிரி இருந்தது. அந்த 'டிக்' சத்தம் மெல்ல மெல்லத் தணிந்தது. நிற்கவில்லை, வேகமும் மாறவில்லை. ஸ்வரம்தான் படிப்படியாகக் கீழே இறங்கியது.

திரும்பிக்கூடப் பார்க்காமல் என் தாடையைப் பிடித்து மேலே தூக்கினார் டாக்டரம்மா. தோளில் ஒரு தட்டு. 'தம்பி! மூச்சை நல்லா இழுத்து விடுங்க! ஸ்ருதி இறங்குது!'

இழுத்தேன். விட்டேன். சத்தம் மறுபடி ஏறியது. திரையில் 91 என்று இருந்த எண் 94 ஆயிற்று, 97 ஆயிற்று. குறட்டை விட்டது நான்தான். நாக்கு பின்னால் விழுந்து மூச்சுக்குழாயைப் பாதி அடைத்திருக்கிறது. எனக்கு மூச்சு முட்டவே இல்லை, அதுதான் பயங்கரம். நான் பாட்டுக்குச் சுகமாக இறங்கிக்கொண்டே போயிருப்பேன். சர்ஜனுக்குத் தெரியவே தெரியாது. அவர் அந்தப் பக்கம் கிரிக்கெட் ஸ்கோர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாள் வீட்டில் படுக்கை. எழுதுகிறவனைச் சும்மா படுக்க வைத்தால் வேறென்ன செய்வான்? அந்த 'டிக்' சத்தத்தின் பூர்வீகத்தைத் தேடக் கிளம்பினேன். அது ஒரு கால்விரல் நகத்தில் போய் நின்றது.

1847 நவம்பர். எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற பிரசவ டாக்டர், குளோரோஃபார்மை முகர்ந்தால் ஆள் தூங்கிவிடுகிறார் என்று நண்பர்களோடு தானே முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கிறார். ஊரெல்லாம் ஒரே கொண்டாட்டம். மூணு மாசம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28. இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் பக்கம் வின்லேடன் என்ற ஊரில் ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண். கால் நகம் ஒன்றை எடுக்கவேண்டும். பயந்து அழுதுகொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவளுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிஷங்களில் உயிர் போய்விட்டது. முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், வாயில் பிராந்தி ஊற்றினார்கள், பயனில்லை.

நகத்துக்காக ஒரு உயிர்! அவள் எதனால் செத்தாள்? இந்த ஒரு கேள்வியில் டாக்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அடுத்த அறுபது வருஷத்துக்குச் சண்டை.

லண்டன் கட்சி 'இதயம் நின்றுவிட்டது' என்றது. அதனால் மயக்கம் கொடுக்கிறவர் நாடியைப் பிடித்தபடி இருக்கவேண்டும். ஜான் ஸ்னோ இந்தக் கட்சி. அவருக்குப் பிறகு வந்த ஜோசப் க்ளோவர் எடுத்துக்கொண்ட ஒரு பழைய போட்டோ இருக்கிறது. ஒரு கையில் முகமூடி, இன்னொரு கை நோயாளியின் மணிக்கட்டில். எடின்பரோ கட்சியோ 'அதெல்லாம் இல்லை, மூச்சுதான் முதலில் நிற்கும், நாடியை விட்டுத் தள்ளு, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்' என்றது. சைம் என்ற பெரிய சர்ஜன் அந்தக் கட்சிக்குத் தலைவர். சிம்சனோ, வாயில் ஊற்றிய பிராந்தியும் தண்ணீரும்தான் அந்தப் பெண்ணை மூச்சடைக்க வைத்துவிட்டன என்று வாதாடினார். குளோரோஃபார்ம் அவர் பெற்ற பிள்ளையாயிற்றே!

இந்தச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்லும் பஞ்சாயத்து எங்கே கூடியது தெரியுமா? லண்டன் இல்லை, பாரிஸ் இல்லை. நம்ம ஹைதராபாத்!

சைமிடம் வேலை கற்றவர் எட்வர்ட் லாரி. ஹைதராபாத்தில் ரெசிடென்சி சர்ஜனாக வந்தார். அஃப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரியில் குருவின் வழியில், நாடியைத் தொடாமல், மூச்சை மட்டும் பார்த்து ஆயிரக்கணக்கான பேருக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தார். அங்கே அவரிடம் படித்த ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சிப் பெண்ணை உலகத்தின் முதல் பெண் மயக்க டாக்டர்களில் ஒருவர் என்று சொல்கிறார்கள். (பெண்கள் டாக்டராகலாமா என்று சீமையில் விவாதம் ஓய்ந்திராத காலம் அது.)

1888-ல் நிஜாம் ஆதரவில் லாரி ஒரு கமிஷன் போட்டார். நூற்றுக்கு மேற்பட்ட தெருநாய்களுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்து, எது முதலில் நிற்கிறது என்று பார்த்தார்கள். மூச்சுதான். இதயம் அதற்குப் பிறகு! லண்டனில் இருந்த 'லான்செட்' பத்திரிகை நம்பவில்லை. லாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. நிஜாம் மஹ்பூப் அலி கானிடம் போய் நின்றார். நிஜாம் ஆயிரம் பவுன் எடுத்துக் கொடுத்தார். 'உங்கள் ஆளையே அனுப்புங்கள், செலவு எங்களுடையது!'

1889-ல் லாடர் பிரன்டன் என்ற பெரிய மருந்தியல் மேதை கப்பலேறி வந்தார். குளோரோஃபார்ம் இதயத்தையும் நிறுத்தும் என்ற எண்ணத்தோடு வந்தவர். நாய், குரங்கு, ஆடு, பூனை, முயல், குதிரை என்று ஒரு மிருகக்காட்சி சாலையே மயங்கியது. நூற்றுக்கணக்கில் சோதனை. கடைசியில் பிரன்டன் கட்சி மாறிவிட்டார்! லண்டனுக்குத் தந்தி பறந்தது. முதலில் நிற்பது மூச்சுதான், நாடியைப் பார்க்கத் தேவையில்லை.

ஹைதராபாத் ஜெயித்துவிட்டது, எடின்பரோ மகிழ்ந்தது. ஆனால் ஆபரேஷன் மேஜைகளில் சாவு மட்டும் நிற்கவில்லை.

எங்கே பிசகு? 1911-ல் இங்கிலாந்தில் குட்மன் லெவி என்பவர் பூனைகளை வைத்துக் கண்டுபிடித்தார். குளோரோஃபார்ம் நிறையக் கொடுத்தால் மூச்சு முதலில் நிற்கும். ஹைதராபாத் சொன்னது சரி. ஆனால் அரைகுறையாகக் கொடுத்திருக்கும்போது, உடம்பில் அட்ரினலின் பொங்கினால், இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. மூச்சு அதற்குப் பிறகுதான் நிற்கும். அட்ரினலின் எப்போது பொங்கும்? பயத்தில்!

நாற்காலியில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்த ஹன்னாவை நினைத்துக்கொண்டேன். ஹைதராபாத் நாய்களுக்கு ஹெவி டோஸ். 'உயிருக்கு ஆபத்து நேரலாம்' என்ற பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த நாயா அது?

ஆக இரண்டு கட்சியுமே பாதி சரி, பாதி தப்பு. நாடியையும் பார்க்கணும், மூச்சையும் பார்க்கணும். சரி, பார்த்தால் போதுமா? இந்த இடத்தில் என் சொந்த ஜாதிக்காரர் ஒருவர் வருகிறார். கணக்கு எழுதுகிற ஜாதியைச் சொல்கிறேன்.

1890-கள், அமெரிக்காவில் பாஸ்டன். அங்கே மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டு 'இந்தா, ஈதர் கொடு' என்று உட்கார வைத்துவிடுவார்கள். ஹார்வி குஷிங் என்ற மாணவர் கொடுத்த ஒரு நோயாளி மேஜையிலேயே இறந்துபோனார். ஆடிப்போய்விட்டார் குஷிங். படிப்பையே விட்டுவிடலாமா என்று நினைத்தார். பிறகு காட்மன் என்ற சக மாணவரும் அவரும் ஒரு பந்தயம் வைத்துக்கொண்டார்கள். யார் ஒழுங்காக மயக்கம் கொடுக்கிறார்கள்? தோற்றவர் டின்னர் வாங்கித் தரணும். ஜெயித்ததை எப்படி நிரூபிப்பது? கட்டம் போட்ட தாளில், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, நாடி இத்தனை, மூச்சு இத்தனை என்று குறிக்க ஆரம்பித்தார்கள். 1894-லிருந்து அந்தச் சார்ட்டுகள் இருக்கின்றன. பிறகு 1901-ல் இத்தாலிக்குப் போன குஷிங், ரிவா ரோச்சி என்பவர் செய்த கைப்பட்டையைப் பார்த்துவிட்டு வந்து ரத்த அழுத்தத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தார். என் தலைமாட்டில் டாக்டரம்மா டிக் அடித்துக்கொண்டிருந்த தாள் அந்தப் பேரேட்டின் கொள்ளுப்பேத்திதான். அன்றன்றைக்கு எழுதாத கணக்கு கணக்கே இல்லை என்று எங்கள் புரொஃபசர் தொண்டை வறளக் கத்தியது இதற்குத்தான் போல.

ஆனால் கணக்கில் ஒரு முக்கியமான வரவு விட்டுப்போயிருந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு? அதற்கு ஒரே வழி உதட்டைப் பார்ப்பது. நீலம் பாரித்தால் ஆபத்து. டாக்டரின் கண்ணுக்குத் தெரியாதா என்ன? 1947-ல் அமெரிக்காவில் காம்ரோ, போடெல்ஹோ என்ற இருவர் இதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பெரும்பாலானவர்களால் ஆக்ஸிஜன் அளவு 80-க்குப் பக்கம் இறங்குகிற வரை நீலத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் 91-ல் தட்டி எழுப்பப்பட்டவன். கண்ணை நம்பியிருந்தால் 80 வரை குறட்டை விட்டிருப்பேன். அதுவும் என் நிறத்துக்கு... வேண்டாம், அந்தக் கதை பின்னால் வருகிறது.

இதைத் தீர்த்தவர் ஒரு ஜப்பானிய எஞ்சினீயர், தகுவோ அயோயகி. நிஹான் கோடன் கம்பெனியில் வேலை. 1970-களின் தொடக்கத்தில் அவர் செய்துகொண்டிருந்தது வேறு ஆராய்ச்சி. ரத்தத்தில் சாயம் செலுத்தி, காது மடலில் ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் அனுப்புகிறது என்று அளக்கப் பார்த்தார். ஒரு தொல்லை. ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் கோடு ஏறி ஏறி இறங்கி கிராஃபைக் கெடுத்தது. அந்தத் தொல்லையைத் துரத்தப் பார்த்தவருக்குத் திடீரென்று உறைத்தது. அடடா, துடிக்கிறது என்றால் அது தமனி ரத்தம் மட்டும்தானே! தோல், சதை, எலும்பு எதுவும் துடிக்காதே! துடிக்கிற பங்கை மட்டும் தனியாகப் பிரித்தால், விரலைக் குத்தாமலேயே ஆக்ஸிஜன் கணக்கு கிடைத்துவிடுமே!

சிவப்பு ஒளி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்று. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் சிவப்பை விட்டுவிடும், அகச்சிவப்பை விழுங்கும். ஏறாத ரத்தம் சிவப்பை விழுங்கும். இரண்டிலும் எவ்வளவு தப்பி வந்தது என்று விகிதம் போட்டால் விடை. 1974-ல் அறிவித்தார். அவருடைய கம்பெனியோ ஒரு காதுக் கருவியைச் செய்துவிட்டு அதோடு விட்டுவிட்டது. வேறு கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் நெல்கார் என்ற கம்பெனியைத் தொடங்கியவர்களில் வில்லியம் நியூ என்ற மயக்க டாக்டர் இருந்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்குத்தானே தெரியும், எண்ணையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று. ஆக்ஸிஜன் இறங்கினால் 'டிக்'கின் ஸ்வரமும் இறங்கும்படி 1980-களில் செய்தார்கள். டாக்டரம்மா திரும்பிப் பார்க்காமலே என் தாடையைப் பிடித்த ரகசியம் அதுதான்.

1986-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆஸ்பத்திரிகள் ஒரு சட்டம் போட்டன. மயக்க டாக்டர் நோயாளியை விட்டு அசையக் கூடாது, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நாடியும் பிரஷரும் கட்டாயம். இதற்குப் பின்னால் கருணை மட்டும் இல்லை. நஷ்டஈடு கேஸ்களில் மயக்க டாக்டர்கள் பங்கு தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. இன்ஷூரன்ஸ்காரன் கையைக் கடித்தால் விஞ்ஞானம் வேகமாக வளரும் என்பது என் கட்சி. 1990 முதல் அங்கே விரல் கிளிப்பும் கட்டாயமாயிற்று.

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கருவி உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுகிறதா என்று டென்மார்க்கில் ஆராய்ந்தார்கள். 20,802 நோயாளிகள். பாதிப் பேருக்குக் கிளிப் உண்டு, பாதிப் பேருக்குக் கிடையாது. 1993-ல் முடிவு வந்தது. கிளிப் போட்டவர்களிடம் ஆக்ஸிஜன் குறைவதை 19 மடங்கு அதிகமாகக் கண்டுபிடித்திருந்தார்கள். பேஷ்! ஆனால் சாவு? சிக்கல்கள்? இரண்டு கோஷ்டிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! அதே சமயம், கருவி பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கிறது என்று மயக்க டாக்டர்களில் 80 சதவீதம் பேர் சொன்னார்கள்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? மேஜையில் உயிர் போவது அதற்குள் அபூர்வமாகிவிட்டது, அதில் வித்தியாசம் காட்ட இருபதாயிரம் பேர் போதாது என்கிறார்கள். நியாயம்தான். இரவெல்லாம் விசிலடிக்கிற கூர்க்காவால் எத்தனை திருட்டு நின்றது என்று எந்த ஆடிட்டர் காட்டுவார்? அதற்காக அடுத்த ஆபரேஷனுக்குக் கிளிப் இல்லாத பாதியில் என்னைச் சேர்க்கிறேன் என்று யாராவது சொன்னால், சொன்னவரை முதலில் படுக்கச் சொல்வேன்.

நிறத்துக்கு வருகிறேன். 2020 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆராய்ச்சி. கிளிப் 92-லிருந்து 96-க்குள் காட்டியபோது நிஜ ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பர்களில் 11.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு! கறுத்த தோலில் கருவி கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுகிறது. கொரோனாவில் வீட்டுக்கு வீடு இந்தக் கிளிப்பை மாட்டிக்கொண்டு '95 இருக்கு, கவலையில்லை' என்று உட்கார்ந்திருந்தோமே... அந்தப் பழைய 95-களை நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. அயோயகியும் அந்தக் கொரோனா வருஷத்தில்தான், 2020 ஏப்ரல் 18-ல் காலமானார், 84 வயதில். அவருடைய கருவியைத் தேடி உலகமே மருந்துக் கடை மருந்துக் கடையாக அலைந்துகொண்டிருந்த சமயம்.

தையல் பிரிக்கப் போனபோது காரிடாரில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். சர்ஜனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, இவருக்குத் தெரிந்தது. என் பில்லில் அவர் பெயர்கூட இல்லை. ரூம் வாடகைக்கும் மருந்துக்கும் நடுவே 'அனஸ்தீஷியா' என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

'டாக்டர், ஒரு சந்தேகம். அன்னிக்கு மெஷின்தான் கத்திக்கிட்டு இருந்துச்சே, அப்புறம் ஏன் அடிக்கடி என் நெஞ்சையே பார்த்துக்கிட்டிருந்தீங்க?'

'மூச்சு நின்னா மெஷினுக்கு உடனே தெரியாது தம்பி. ரத்தத்துல இருக்கிற ஆக்ஸிஜன் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். அது தீர்ந்தாத்தான் எண் இறங்கும். நெஞ்சு முன்னாடியே சொல்லிடும்.'

லாரி துரையே நேரில் வந்து பேசிய மாதிரி இருந்தது. ஹைதராபாத் கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டார். சட்டென்று பையிலிருந்து ஒரு குட்டிக் கிளிப்பை எடுத்து என் விரலில் மாட்டினார். 98.

'பரவாயில்லையே டாக்டர்!' என்றேன், மனைவியைப் பெருமையாகப் பார்த்தபடி.

'சிகரெட் பிடிக்கிறவங்க ரத்தத்துல கார்பன் மோனாக்ஸைடு இருக்கும். இது அதையும் ஆக்ஸிஜன்னே கணக்கு எழுதிடும். இந்த 98-ல நிஜம் எவ்வளவு, புகை எவ்வளவுன்னு இதுக்குத் தெரியாது' என்று கிளிப்பைக் கழற்றினார். 'இப்ப ஒரு நாளைக்கு எத்தனை தம்பி?'

'எப்பவாவது...' என்று நான் ஆரம்பிப்பதற்குள் மனைவி எண்ணிக்கையைச் சொல்லிவிட்டாள்.